துப்பாக்கிக்கு முன்னால் பெட்டி

"அக்கா, எந்தத் துப்பாக்கி நல்லது?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். ஹூஸ்டன் நகருக்கு மேற்கே, கேட்டி பக்கம் வசிக்கிறேன். வார நாட்களில் மருந்தகத்தில் மருந்தாளுநர். சனிக்கிழமை காலைகளில் சுடுதளத்தில் புதியவர்களுக்குத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறேன். அக்கம்பக்கத்தில் ஒரு வீடு திருடு போனாலோ, தமிழ்ச் சங்க வாட்ஸ்அப்பில் கொள்ளைச் செய்தி ஒன்று சுற்றினாலோ, அந்த வாரம் நம் ஆட்களிடமிருந்து எனக்கு நாலைந்து அழைப்பாவது வரும்.

அவர்கள் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பார்கள், நான் வீட்டைப் பற்றிக் கேட்பேன். வீட்டில் யார் யார்? பிள்ளைகளுக்கு என்ன வயது? அவர்கள் தூங்கும் அறை மாடியிலா, கீழேயா? ஊரிலிருந்து அப்பா அம்மா எப்போது வருகிறார்கள்? வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு, தூக்கமின்மை, குடிப்பழக்கம் உண்டா? கடைசியாக, "துப்பாக்கியை எங்கே வைப்பீர்கள் தம்பி?" என்று கேட்பேன். "மேலே குளோசட்ல வெச்சுக்கலாம்க்கா, பிள்ளைங்களுக்கு எட்டாது" என்று பதில் வந்தால், இன்னும் வாங்கும் நிலைக்கு வரவில்லை என்று சொல்லிவிடுவேன்.

டெக்சாஸில் துப்பாக்கி வாங்குவது ஒரு பிற்பகல் வேலை. வைத்திருப்பதோ அது வீட்டில் இருக்கும் அத்தனை நாளும் செய்ய வேண்டிய வேலை. அதனால் நான் சொல்லும் வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் பெட்டி, பிறகு பயிற்சி, அதற்குப் பிறகு துப்பாக்கி.

யார் வாங்கலாம்?

இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் வாங்கலாம். எச்1பி, எல்1, மாணவர் விசா, சுற்றுலா விசா எல்லாம் குடியேற்றம் சாராத விசாக்கள். அவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்கும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். தடை என்பது சொந்தமாக வைத்திருப்பதற்கு மட்டுமானதல்ல, கையில் எடுப்பதும் அதில் அடங்கும். ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்த அப்பாவைச் சுடுதளத்துக்கு அழைத்துப்போய், கையில் பிஸ்டலைக் கொடுத்துப் புகைப்படம் எடுக்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். கடைக்காரர் 1998 முதல் நடைமுறையில் இருக்கும் தேசியப் பின்னணிச் சோதனை அமைப்பில் உங்கள் விவரத்தைச் சரிபார்ப்பார். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?' என்றும் அந்தப் படிவம் கேட்கிறது. விசாவில் இருக்கும் நண்பருக்காக கிரீன் கார்டு வைத்திருப்பவர் வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'ஆம்' என்று எழுதினால் அது கூட்டாட்சிக் குற்றம். நட்புக்காகச் செய்தேன் என்பது அங்கே எடுபடாது.

ஊரில் இந்திய ஆயுதச் சட்டம் 1959-இன்படி உரிமத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் வந்தவர்களுக்கு இங்கே கிடைக்கும் சுதந்திரம் திகைப்பாக இருக்கும். 1791-இல் சேர்க்கப்பட்ட அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம்தான் இதற்கு அடிப்படை. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டிலுள்ள துப்பாக்கியை எந்நேரமும் பிரித்தோ பூட்டியோ வைக்க வேண்டும் என்ற வாஷிங்டன் நகர விதியும் அந்தத் தீர்ப்பில் அடிபட்டது.

இன்று பூட்டி வைப்பது பற்றிய சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. மாசசூசெட்ஸில் துப்பாக்கி உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாதபோது பூட்டியிருக்க வேண்டும். டெக்சாஸில் அப்படி ஒரு கட்டளை இல்லை. ஆனால் உங்கள் கவனக்குறைவால், சுடத் தயாரான துப்பாக்கி 17 வயதுக்குட்பட்ட ஒருவர் கைக்குப் போனால் அது குற்றம். அந்தப் பிள்ளை சுட்டு உயிர்போனாலோ பலத்த காயம் ஏற்பட்டாலோ ஓராண்டு வரை சிறை. அதாவது, விபரீதம் வந்த பிறகுதான் சட்டம் கதவைத் தட்டும். அதற்கு முன் பூட்டுப் போடும் வேலை முழுக்க நம்முடையது.

வேண்டுமா, வேண்டாமா?

துப்பாக்கிப் பயிற்சி தருகிறவள் இதைச் சொல்வது சிலருக்கு விசித்திரமாகப் படும். வீட்டுக்குத் துப்பாக்கி வந்தால் ஆபத்தும் கூடவே வருகிறது. கலிபோர்னியாவில் கோடிக்கணக்கான பெரியவர்களின் பதிவுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், 2020-இலும் 2022-இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் தற்கொலையால் இறந்த விகிதம், வைத்திராதவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல். பெண்களில் ஏழு மடங்கு. தான் வாங்காமல், கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வசித்தவர்கள் கொலையுண்ட விகிதம், துப்பாக்கி இல்லாத வீட்டில் வசித்தவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். கொன்றவர் வெளியிலிருந்து வந்த திருடராக இருந்தால்தான் துப்பாக்கி உதவியிருக்கும். பல நேரங்களில் கொன்றவர் வீட்டுக்குள் இருந்தவர்.

இதைச் சொல்லிவிட்டு வாசல் கதவைப் பார்க்கச் சொல்வேன். இங்கே பல வீடுகளில் தாழ்ப்பாள் விழும் தகடு, முக்கால் அங்குலத் திருகாணிகளால் மெல்லிய சட்டத்தில் மாட்டியிருக்கும். ஓங்கி ஓர் உதை விட்டால் பிய்ந்துவிடும். மூன்று அங்குலத் திருகாணிகளைப் போட்டுச் சுவரின் கட்டைவரை இறக்கினால் கதவு வேறு கதவாகிவிடும். செலவு பத்து டாலருக்குள். வாசலில் ஆள் நடமாட்டத்துக்கு எரியும் விளக்கு, கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள கதவுக்குப் பூட்டு, அலாரம், நாய். இவற்றைச் செய்து முடித்ததும் பயம் தணிந்து, "இப்போதைக்கு வேண்டாம்க்கா" என்றவர்கள் உண்டு. அவர்களை நான் வற்புறுத்தியதில்லை. எல்லாம் செய்த பிறகும் வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். மிரட்டும் முன்னாள் கணவனுக்குப் பயந்து வாழும் பெண்கள், போலீஸ் வந்துசேர அரைமணி நேரம் ஆகும் தொலைதூர ஊர்களில் குடியிருப்பவர்கள். அவர்களுக்குத்தான் அடுத்த பகுதி.

பெட்டி எப்படி இருக்க வேண்டும்?

என் மருந்தகத்தில் போதை தரும் வலிநிவாரணிகளுக்குத் தனி அலமாரி உண்டு. அது பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்பது தெரியும், உள்ளே எத்தனை மாத்திரை என்பது எழுத்தில் இருக்கும். துப்பாக்கிப் பெட்டிக்கும் அந்த மூன்றும் பொருந்தும்.

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்கினால் ஏதாவது ஒரு பூட்டும் சேர்த்துத் தர வேண்டும் என்பது 2005-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம். பெரும்பாலும் கேபிள் பூட்டுதான் கிடைக்கும். தோட்டாக்கள் இருக்கும் மேகசினைக் கழற்றி, துப்பாக்கியின் நகரும் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, கம்பிவடத்தை மேல் திறப்பு வழியே விட்டு மேகசின் துளை வழியே எடுத்துப் பூட்டினால், அதில் தோட்டா போட முடியாது. வேறு ஊருக்குப் போகும்போதும், நெடுநாள் எடுக்காமல் வைக்கும்போதும் இது போதும். ஆனால் இரவில் அவசரத்துக்கு உதவாது. கம்பி வெட்டும் கருவி கொண்டுவரும் திருடனையும் தடுக்காது. விசையை மூடும் இன்னொரு வகைப் பூட்டு உண்டு. அதைத் தோட்டா நிரப்பிய துப்பாக்கியில் மாட்டவே கூடாது. மாட்டும் போதே விசை அழுந்தலாம்.

தற்காப்புக்கென்று வைப்பவர்களுக்குப் படுக்கை அருகே பொருத்தும் சிறிய எஃகுப் பெட்டிதான் சரி. வாங்கும்போது நான் பார்க்கச் சொல்வது மூன்று.

முதலாவது, திறக்கும் முறை. இயந்திரப் பொத்தான் பூட்டுக்கு பேட்டரி வேண்டாம். ஐந்து பொத்தான்களை வரிசையாக அழுத்திக் குமிழைத் திருப்பினால் திறக்கும். இருட்டிலும் விரல் பழகிவிடும். மின்னணு எண்பலகை என்றால் பேட்டரி தீரும் நாள் ஒன்று வரும். மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றும் ஞாயிற்றுக்கிழமை, புகை எச்சரிக்கைக் கருவியோடு சேர்த்துப் பெட்டிக்கும் பேட்டரி மாற்றிவிடுங்கள். கைரேகைப் பெட்டி எல்லோரையும் கவர்கிறது. ஆனால் 2023 அக்டோபரில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரே நிறுவனத்தின் சுமார் 61,000 கைரேகைப் பெட்டிகளைத் திரும்பப் பெற வைத்தது. கைரேகையைப் பதியாத நிலையில் அந்தப் பெட்டி யார் விரல் வைத்தாலும் திறந்தது. உரிமையாளர்களோ தங்கள் விரலுக்குத் திறந்ததைப் பார்த்துப் பதிவாகிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். ஒரு 12 வயதுச் சிறுவன் உயிரிழந்த பிறகுதான் அது வெளியே வந்தது. கைரேகைப் பெட்டி வாங்கினால் முதல் நாளே வீட்டில் உள்ள மற்ற எல்லோர் விரலையும் வைத்துப் பாருங்கள். உள்ளே துப்பாக்கி இல்லாமல்.

இரண்டாவது, பொருத்தும் இடம். நாலைந்து கிலோ எடையுள்ள பெட்டியைத் திருடன் அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவான். தரையிலோ கட்டில் சட்டத்திலோ சுவரின் கட்டையிலோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும். ஜிப்சம் பலகையில் மட்டும் ஆணி அடித்தால் சும்மா அடித்ததுதான்.

மூன்றாவது, ஈரம். ஹூஸ்டனின் புழுக்கத்தில் பெட்டிக்குள்ளிருக்கும் மெத்தைப் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் துரு ஏறும்.

காரின் முன்பக்கச் சிறு அறையில் துப்பாக்கியை வைத்துவிட்டு இறங்குவது இந்த ஊரில் பலருக்கும் வழக்கம். காரிலிருந்து திருடு போகும் துப்பாக்கிகள் நாடு முழுக்கப் பெரிய தலைவலி. வீட்டுக்கென்று வாங்கியதை வீட்டோடு விடுங்கள்.

இப்போது துப்பாக்கி

கடைக்குப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் நூறு துப்பாக்கிகள் இருக்கும். வீட்டுக்கு என்றால் தேர்வு நீங்கள் நினைப்பதைவிடச் சுருக்கமானது: ரிவால்வரா, பிஸ்டலா?

ரிவால்வரில் சுழலும் உருளைக்குள் ஐந்தோ ஆறோ தோட்டாக்கள் இருக்கும். திறந்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். இதனாலேயே புதியவர்களுக்கு எளிது என்பார்கள். ஆனால் கைப்பையில் அடங்கும் சிறிய ரிவால்வரின் விசையை இழுக்க ஐந்து கிலோவை ஒட்டிய அழுத்தம் வேண்டும். உதையும் பலமாக இருக்கும். சிறியது என்பதால் பெண்களுக்கு நல்லது என்று தள்ளிவிடுகிற விற்பனையாளர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கையடக்கத் துப்பாக்கிதான் பிடிக்கவும் குறிவைக்கவும் மிகக் கடினமானது. வீட்டுப் பெட்டியில் இருக்கப் போவதைச் சட்டைக்குள் ஒளித்துச் சுமக்கும் அளவில் வாங்குவதற்குக் காரணமே இல்லை.

பிஸ்டலில் தோட்டாக்கள் பிடிக்குள் செருகும் மேகசினில் இருக்கும். 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரிய ராணுவத்துக்காக உருவான கிளாக் 17-உம், 1988-இல் வந்த அதன் நடுத்தர வடிவமான கிளாக் 19-உம் இன்று எல்லாச் சுடுதளங்களிலும் வாடகைக்குக் கிடைக்கும். கிளாக்கில் கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. விசையின் மேலேயே ஒரு சிறு நெம்பு, அதோடு உள்ளே தற்செயலாகச் சுடாமல் தடுக்கும் அமைப்புகள், அவ்வளவுதான். விசையில் விரல் பட்டால் சுடும். அதனாலேயே துப்பாக்கியை உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைக்கச் சொல்வேன். எடுக்கும் அவசரத்தில் விரல் விசைக்குப் போகாது.

மூட்டுவலி உள்ளவர்களுக்கும் கைப்பலம் குறைந்தவர்களுக்கும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுப்பதுதான் சிக்கல். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் ஷீல்டு ஈஸி (EZ) போன்றவை இவர்களுக்காகவே 2018-இல் வந்தன. ஸ்லைடு இலேசாக வரும், பிடியை முழுதாகப் பற்றினால்தான் சுடும். வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். விரல் நுனியின் சதை விசையில் அமர வேண்டும். அதற்காக மணிக்கட்டைத் திருப்ப வேண்டி வந்தால் அந்தத் துப்பாக்கி உங்கள் கைக்குப் பெரிது. கணவர் தேர்ந்தெடுத்து மனைவிக்குப் பரிசாகக் கொடுக்கும் துப்பாக்கி பெரும்பாலும் அவர் கைக்குத்தான் பொருந்தும்.

காலிபர், அதாவது தோட்டாவின் அளவு பற்றிக் கடைகளில் மணிக்கணக்கில் வாதம் நடக்கும். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 1990களில் பெரிய தோட்டாக்களுக்குப் போய், 2010களின் நடுவில் மறுபடி 9 மில்லிமீட்டருக்கே திரும்பியது. உதை குறைவு, விலை குறைவு, அதனால் பயிற்சி அதிகம். வீட்டுக்கும் இதுவே போதும். ஆனால் தோட்டாவின் வகை முக்கியம். முழுக்கச் செம்பு பூசிய பயிற்சித் தோட்டா தடைகளை ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கும். நுனியில் குழியுள்ள தற்காப்புத் தோட்டா உடலில் பட்டால் விரிந்து நிற்கும் வாய்ப்பு அதிகம். இலக்கைத் தவறவிட்டால் இரண்டுமே ஜிப்சம் சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகும். இங்கே உள்சுவர் என்பது மரச்சட்டத்தின் இருபுறமும் அடித்த அரை அங்குலப் பலகைதான். அடுத்த அறையில் பிள்ளை தூங்குகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் போடுங்கள். எந்தத் திசையில் சுடவே கூடாது என்பது அப்போது தெரியும்.

ஒளித்து வைப்பது பூட்டி வைப்பதாகாது

2001-இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். 8 முதல் 12 வயதுச் சிறுவர்கள் 64 பேரைச் சிறு குழுக்களாக ஓர் அறையில் விட்டார்கள். அங்கே ஓர் இழுப்பறைக்குள் உண்மையான கைத்துப்பாக்கி, தோட்டா இல்லாமல், ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் 48 பேர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 16 பேர் விசையை இழுத்தார்கள். துப்பாக்கியைத் தொட்டவர்களில் பெரும்பாலோர், தொடக்கூடாது என்று ஏற்கெனவே பாடம் கேட்டவர்கள். அலபாமாவில் நடந்த இன்னோர் ஆய்வில், எங்கே வைத்திருக்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோர்களில் 39 சதவீதத்தினரின் பிள்ளைகள், தெரியும் என்று சொல்லிவிட்டார்கள்.

2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்து வால்மார்ட் கடை ஒன்றில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை, அம்மாவின் கைப்பையில் ஜிப் போட்ட அறைக்குள் இருந்த துப்பாக்கியை எடுத்தது. அம்மா அங்கேயே இறந்தார். 2023 ஜனவரியில் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் நகரில், ஆறு வயது மாணவன் அம்மாவின் துப்பாக்கியைப் பையில் கொண்டுவந்து வகுப்பு ஆசிரியையைச் சுட்டான். எட்டாது, தெரியாது, தொடமாட்டான் என்று எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் நான் பெட்டியைப் பற்றித்தான் பேசுவேன்.

நம் வீடுகளுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. நவராத்திரி வந்தால் கொலு பார்க்க இருபது குடும்பங்கள் வரும். பெரியவர்கள் கீழே சுண்டல் சாப்பிட, பிள்ளைகள் மாடியில் ஒவ்வொரு அறையாக ஓடி ஒளிந்து விளையாடுவார்கள். ஊரிலிருந்து வரும் அம்மா ஆறு மாதம் சும்மா இருக்க மாட்டார். இழுப்பறை, அலமாரி எல்லாவற்றையும் ஒழித்துத் துடைத்து அடுக்குவார். "அது என்னடா இவ்வளவு கனமா இருக்கு?" என்று அவர் கையில் எடுத்துக் கேட்கும் நாளில் அது பூட்டிய பெட்டியாக மட்டும் இருக்க வேண்டும். எண் யாருக்குத் தெரியும் என்பதையும் அதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பிறந்த தேதி, வீட்டு எண், திருமண நாள் எல்லாம் பிள்ளைகள் முதலில் முயன்று பார்ப்பவை.

தோட்டாவைத் துப்பாக்கியிலேயே வைப்பதா, தனியாக வைப்பதா? தோட்டாவை அகற்றி, இரண்டையும் தனித்தனியாகப் பூட்டுவதுதான் மிகப் பாதுகாப்பானது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரையும் அதுவே. தற்காப்புக்கென்றே வைப்பவர்கள் பலர் தோட்டா நிரப்பித்தான் வைக்கிறார்கள். அப்படியானால் விரைவாகத் திறக்கும் பூட்டிய பெட்டிக்கு வெளியே அது ஒரு நிமிடமும் இருக்கக் கூடாது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதும் அதே விதிதான்.

தோட்டாவை எடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மேகசினைக் கழற்று. பிறகு ஸ்லைடை இழு. பிறகு தோட்டா அமரும் சேம்பருக்குள் கண்ணால் பார், சுண்டு விரலால் தொட்டுப் பார். வரிசையை மாற்றி, ஸ்லைடை இழுத்துவிட்டுப் பிறகு மேகசினைக் கழற்றினால், ஒரு தோட்டா சேம்பரில் ஏறி உட்கார்ந்திருக்கும். மேகசின் கையில் இருப்பதால் துப்பாக்கி காலி என்று நினைத்து ஏற்படும் விபத்துகள் பல. கிளாக் போன்றவற்றைச் சுத்தம் செய்யப் பிரிக்கும்போது விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும். அதனால் சுத்தம் செய்யும் அறைக்குள் தோட்டாவே வரக்கூடாது. சுடுதளத்திலிருந்து திரும்பியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடை மாற்றிவிட்டுப் பிள்ளைகளைத் தூக்குங்கள். ஈயத்தூள் கையிலும் சட்டையிலும் ஒட்டியிருக்கும்.

பிரிக்கப்படாத பூட்டு

மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று 15 வயது மாணவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். துப்பாக்கியை நான்கு நாள் முன்னால் அப்பா வாங்கியிருந்தார். கடையில் கூடக் கொடுத்த கேபிள் பூட்டு உறைகூடப் பிரிக்கப்படாமல் வீட்டில் கிடந்ததாகவும், வீட்டிலிருந்த பெட்டி ஒன்றின் எண் தொழிற்சாலையில் வைத்த மூன்று பூஜ்ஜியமாகவே இருந்ததாகவும் வழக்கில் வெளிவந்தது. மகனின் மனநிலை பற்றிப் பள்ளி அன்று காலைதான் பெற்றோரை அழைத்துப் பேசியிருந்தது. 2024-இல் அந்தப் பெற்றோர் ஜெனிஃபர், ஜேம்ஸ் கிரம்பிளி இருவருமே உள்நோக்கமற்ற கொலைக் குற்றத்துக்காகத் தலா 10 முதல் 15 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்கள். பள்ளித் துப்பாக்கிச்சூடு ஒன்றில், சுட்ட பிள்ளையின் பெற்றோர் மேல் இந்தக் குற்றம் நிரூபணமானது அமெரிக்காவில் அதுவே முதல் முறை. பூட்டின் விலையைப் பற்றிப் பேரம் பேசுகிறவர்களிடம் இந்த வழக்கைச் சொல்வேன்.

பெட்டியைக் காலி செய்ய வேண்டிய நாட்கள்

அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் தற்கொலையால் இறப்பவர்கள். 2021-இல் 48,830 பேர் இறந்தார்கள். அதில் 26,328 பேர் தற்கொலை. மருந்தகத்தில் நிற்பவளுக்கு இது புதிதல்ல. வேலை போன வீடு, விசா சிக்கல், மணமுறிவு, கல்லூரியில் இடம் கிடைக்காத பையன் எல்லாம் எங்கள் சமூகத்திலும் உண்டு. வெளியே பேசுவது மட்டும் குறைவு. நெருக்கடியின் உச்சம் பலருக்குச் சில மணி நேரம்தான் இருக்கும். அந்த நேரத்தைத் தாண்டவைத்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். அதற்கு அந்த நேரத்தில் துப்பாக்கி கைக்கெட்டாமல் இருக்க வேண்டும்.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 2009-இல் ஒரே கடையில் ஒரு வாரத்துக்குள் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அதன்பிறகு கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து உட்கார்ந்து, வாங்க வருபவர் நெருக்கடியில் இருக்கிறாரா என்று கவனிப்பது எப்படி, விற்பனையை எப்படி மறுப்பது என்றெல்லாம் கடைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். துப்பாக்கிக்காரர்களே துப்பாக்கிக்காரர்களிடம் பேசியதால் அது எடுபட்டது. பிற மாநிலங்களும் பின்பற்றின. நானும் அதையேதான் செய்கிறேன். வீட்டில் ஒருவர் சரியில்லை என்று தோன்றினால் பெட்டியின் எண்ணை மாற்றுங்கள். அதைவிட நல்லது, துப்பாக்கியையே வெளியே கொண்டுபோய் வைப்பது. சில கடைகளும் சுடுதளங்களும் பாதுகாப்பாக வைத்துக்கொள்கின்றன. சட்டப்படி வைத்திருக்கக்கூடிய நண்பரும் ஆகலாம். 988 என்ற எண்ணை அழைத்தால் எந்நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள்.

இரவு இரண்டு மணிக்கு

சத்தம் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், துப்பாக்கியோடு மாடிப்படி இறங்குவேன் என்பார்கள். திரைப்படம் பார்த்த பதில். நான் சொல்வது: எல்லோரும் ஓர் அறைக்கு வாருங்கள், கதவைப் பூட்டுங்கள், 911-ஐ அழைத்து முகவரியையும் எந்த அறையில் இருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், துப்பாக்கி இருப்பதையும் சொல்லுங்கள். போலீஸ் வரும்போது அது உங்கள் கையில் இருக்கக் கூடாது. டார்ச் விளக்கு தனியாக வேண்டும். இருட்டில் நிற்பது யார் என்று தெரியாமல் சுடுவது, தாமதமாகத் திரும்பிய சொந்த மகனைச் சுடுவதில் முடிந்திருக்கிறது. 1992-இல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், ஹாலோவீன் விருந்துக்கு வழி தவறி வேறு வீட்டுக் கதவைத் தட்டிய 16 வயது ஜப்பானிய மாணவன் சுட்டுக் கொல்லப்பட்டான். வீட்டுக்காரரைக் குற்றவியல் நீதிமன்றம் விடுவித்தது. உரிமையியல் நீதிமன்றம் ஆறரை லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த ஒரு விநாடி அவர் வாழ்நாள் முழுக்கக் கூடவே வந்திருக்கும்.

வாங்காதவர்களுக்கும் ஒரு வேலை

இதையெல்லாம் படித்துவிட்டு நமக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கும் விஷயம் முடிந்துவிடவில்லை. தோட்டா நிரப்பி, பூட்டாமல் வைத்த துப்பாக்கி ஒன்றாவது உள்ள வீடுகளில் சுமார் 46 லட்சம் குழந்தைகள் வசிப்பதாக 2015-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. உங்கள் பிள்ளை சனிக்கிழமை விளையாடப் போவது அப்படி ஒரு வீடாக இருக்கலாம். நிலக்கடலை ஒவ்வாமை பற்றித் தயங்காமல் சொல்கிறோம். நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கிறதா என்று கேட்கிறோம். துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று மட்டும் வாய் கூசுகிறது.

முதலில் உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். எதிராளிக்குச் சங்கடம் குறையும். "எங்க வீட்ல நாய் இருக்கு, துப்பாக்கி இல்லை. உங்க வீட்ல இருந்தா பூட்டி இருக்கும்ல?" என்று கேட்டால் போதும். பொறுப்பாக வைத்திருப்பவர் இதற்குக் கோபப்பட மாட்டார். என்னைக் கேட்டால் பெட்டியையே காட்டுவேன். பதில் மழுப்பலாக வந்தால் சண்டை போட வேண்டாம். "இந்த வாரம் பிள்ளைங்க எங்க வீட்லயே விளையாடட்டுமே" என்று சொல்லிவிடுங்கள்.